சந்தனம் பூசிய காரும் ஒரு நற்சாட்சிப் பத்திரமும்

1

நேற்று விசயதசமி. காலையில் குளித்து உடுத்துக் கோயிலுக்கென்று நாங்கள் மூன்று பேரும் காரில் ஏறினோம். கார் உடனே உயிர் பெற்றது. வாசல்வரை நன்றாகவே ஓடியது. வாசலைத் தாண்டும்போது இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அதன்பிறகு தலைகீழாக நின்றாலும் அசைய மாட்டேன் என்றது.

எஞ்சினை மூடுகிற பொனற்றைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் ஆயுத பூசை. என் மகள் புவனத்துக்குப் பதினைந்து வயது. இங்கே மலாயாவில், சிரம்பானில் வளர்ந்தவள். மூன்று வருடங்களாகப் பூசைப் பக்கம் தலைகாட்டாதவள். அவள் அன்று தானாகவே வந்து, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் காருக்குப் பொட்டு வைத்தாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. மறுநாள் கார் நின்றதும் அதே உள்ளம் கொதித்தது.

"என்னத்தைத் திறந்து என்னத்திலை பூசினனீ?" என்று தெருவென்றும் பாராமல் கத்தினேன். "தெரியாத வேலையிலை ஏன் கை வைச்சனீ?"

அவள் காரைவிட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். போகும்போது "தீடாப்பா" என்று மட்டும் சொன்னாள். 'பரவாயில்லை, போகட்டும்' என்பதற்கு மலாய்க்காரர் சொல்லும் சொல் அது. எங்கள் பிள்ளைகள் எங்களோடு தமிழில்தான் கதைக்கிறார்கள். மனம் நொந்தால் மட்டும் மலாய் வந்துவிடுகிறது.

இந்தப் பத்திரிகையின் பத்திராதிபர் என்னிடம் கேட்டது இந்தக் கதையையல்ல. யாழ்ப்பாணத்திலும் இப்போது கார் வைத்திருக்கிற வீடுகள் கூடிவிட்டனவாம். கார் நின்றால் வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில்லறைப் பிழைகளைப் பற்றி நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன். ஆனால் ஒரு சந்தனக் கிண்ணத்தைத் தொடாமல் எனக்கு அதைப் பற்றி எழுத வராது.

2

ஒரு பெண்ணுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குத் தெரியாதது எல்லாம் தெரியும். அவர் ரயில்வேயில் எழுதுவினைஞர். எந்த ரயில் எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கார் ஏன் வரவில்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் இந்தக் காரை வாங்கியபோது, கூடவே ஒரு பழைய ஆங்கிலப் புத்தகமும் வந்தது. எந்தப் பிழைக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை நான் படித்த இங்கிலீசு வேறு எதற்கு? அவர் மாலையில் பத்திரிகை வாசிப்பார். நான் அந்தப் புத்தகத்தை வாசித்தேன்.

பிறகு லைசென்ஸ் எடுக்கப் போனேன். கந்தோரில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, "யார் ஓட்டப் போவது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்படியானால் கணவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு கடதாசியை நீட்டினார். ஸ்ரியறிங் வளையத்தைத் தொட்டறியாத மனுஷன், இவள் காரோட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். அரசாங்கம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. லைசென்ஸ் கிடைத்த முதல் நாள் பெற்றோல் அடிக்கப் போய், தாங்கியை நிரப்பு என்று சொல்வதற்குப் பதிலாக, வெறுமையாக்கு என்று மலாயில் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் என்னையும் பார்த்தான், தாங்கியையும் பார்த்தான். இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரிப்பான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுப்பு எரிய விறகும் நெருப்பும் காற்றும் வேண்டும். காருக்கும் அவ்வளவுதான். கார் நின்றால் மூன்று கேள்வி கேளுங்கள், ஒழுங்கு மாறாமல் கேளுங்கள். முதற் கேள்வி பெற்றோல். தாங்கியில் இருக்கிறதா, இருந்தால் பெற்றோலும் காற்றும் கலக்கிற காபரேற்றர்வரை வந்து சேருகிறதா? இரண்டாம் கேள்வி பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, கம்பியோடு எஞ்சின் இரும்பின்மேல் கிடத்திவிட்டு, இன்னொருவரைக் காருக்கு முன்னால் நின்று எஞ்சின் ஹாண்டிலைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நீலமாகப் பொறி பறந்தால் அந்தப் பக்கம் பிழையில்லை. மூன்றாம் கேள்வி காற்று. அதில் பிழை வருவது அபூர்வம். இன்னொரு அடையாளமும் உண்டு. கார் உயிர் பெற்றுக் கொஞ்சத் தூரம் ஓடி, இருமி நின்றால் பெற்றோலைப் பாருங்கள். உயிரே பெறாமல் மரக்கட்டையாய்க் கிடந்தால் பொறியைப் பாருங்கள்.

விளக்கு மங்கி, ஹோர்ன் முனகினால் பற்றறியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். கம்பிகளைக் கழற்றி, சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வசிலின் பூசிவிடுங்கள். பற்றறிக்குள் விடுவது காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடாது. கீரிமலைத் தீர்த்தமும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பக்தர் விட்டுப் பார்த்தார். அவருக்குப் புண்ணியம் கிடைத்திருக்கும், பற்றறி போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஊர்த் தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது உங்களுக்குத் தெரியும். எஞ்சினைக் குளிர்விக்கிற றேடியேற்றருக்குள்ளும் அதுதான் படிகிறது. படிந்தால் எஞ்சின் சூடேறிக் கொதிக்கும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள். கொதிக்கிற றேடியேற்றரின் மூடியை மட்டும் உடனே திறந்துவிடாதீர்கள். என் கணவர் ஒருமுறை திறந்தார். அன்றிலிருந்து அவர் பொனற்றுக்குக் கிட்ட வருவதில்லை.

3

பத்து வருடங்களுக்கு முன்பு ஆறு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தோம். புவனத்துக்கு அப்போது ஐந்து வயது. நான் வந்தது முக்கியமாக என் தம்பி வைத்திலிங்கத்துக்காக.

வைத்தி தெல்லிப்பழைப் பக்கத்தில் அருளம்பலம் என்ற புகையிலை வியாபாரியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் எங்களுக்குச் சுற்றி வளைத்துச் சொந்தம். நான் அவரை மாமா என்பேன். அவரிடம் சம்பளம் வாங்குகிற தம்பி முதலாளி என்பான். கெட்டிக்காரன். பேச்சு மட்டும் குறைவு. எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய பேச்சையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன் என்று அம்மா சொல்லுவா.

மலாயாவில் தெருப் போடுகிற இலாகாவில் அவனுக்கு ஒரு சாரதி வேலைக்கு ஒழுங்கு செய்திருந்தேன். அவர்கள் கேட்ட கடதாசிகளை அடைத்தால் ஒரு தலையணை தைக்கலாம். பிறப்புப் பத்திரம், லைசென்ஸ், வைத்தியரின் கடிதம், ஊர் அதிகாரியான விதானையாரின் கடிதம் எல்லாம் சேர்த்துவிட்டோம். ஒன்றுதான் மிச்சம். கடைசியாக வேலை கொடுத்தவர் ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 'இவர் நேர்மையானவர்' என்ற சொல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மாமா தர மாட்டேன் என்று சொல்லவில்லை. தருகிறேன் என்றும் சொல்லவில்லை. "நவராத்திரி முடியட்டும் பாப்பம்" என்றார். வைத்திக்கு முன்பு இருந்த சாரதி, காரின் நல்ல சாமான்களைக் கழற்றி விற்றுவிட்டுப் பழையதைப் பூட்டிப் பிடிபட்டவன். அதிலிருந்து மாமாவுக்குச் சாரதி என்றாலே சந்தேகம். நம்பக்கூடிய ஒருவன் கிடைத்தபின் அவனை விட்டுவிடவும் மனமில்லை. நாங்கள் கப்பலேற மூன்று வாரம்தான் இருந்தது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் தம்பி வருவதற்கில்லை.

4

ஆயுத பூசைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியின் பெயர் தெய்வானைப்பிள்ளை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷி. தராசு, மண்வெட்டி, தையல் மெசின், புகையிலை வெட்டுகிற கத்தி என்று ஒன்றையும் விடாமல் கழுவித் துடைத்து, சந்தனமும் விபூதியும் குழைத்துப் பூசிப் பொட்டு வைத்தா. கடைசியாகக் கார்க் கொட்டிலுக்கு வந்தா. நான் புவனத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். தம்பி பொனற்றைத் திறந்து பிடிப்பதும், மாமி குனிந்து கிண்ணத்தோடு உள்ளே பார்ப்பதும் தெரிந்தது. என்ன நடந்ததென்று எனக்கு மறுநாள்தான் தெரியும்.

மறுநாள் விசயதசமி. மாமா தன் மகளின் கலியாண விஷயமாகக் கொடிகாமத்துக்குப் போக நாள் பார்த்திருந்தார். கூட்டிக்கொண்டு போக மாப்பிள்ளையின் சிற்றப்பாவே வந்திருந்தார். பத்து மணிக்குள் வாசற் படலையைத் தாண்ட வேண்டும், அதற்குமேல் நேரம் சரியில்லை. தட்டங்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கார் உயிர் பெறவில்லை.

எங்கள் வீடு இரண்டு வேலி தள்ளி. செய்தி வர எவ்வளவு நேரம் செல்லும்? நான் போனபோது தம்பி சேர்ட் நனைய ஹாண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். கொட்டிலைச் சுற்றி அயலட்டையெல்லாம் கூடி நின்றது. மாமா சால்வையைத் தோளில் போடுவதும் எடுப்பதுமாக நடந்துகொண்டிருந்தார்.

"நேற்று வரைக்கும் ஓடின கார்!" என்றார் எல்லோருக்கும் கேட்க. "உவன் மலாயாவுக்குப் போகப் போறானாம். போக முன்னம் நல்ல சாமானைக் கழட்டி வித்துப்போட்டான் போலை கிடக்கு."

"முதலாளி, நான் ஒண்டிலையும் கை வைக்கேல்லை" என்றான் தம்பி.

"அப்ப ஏன் ஓடுதில்லை? பத்து மணிக்குள்ளை இது வெளிக்கிடேல்லையெண்டால் கார்த் திறப்பை வைச்சிட்டுப் போ. உனக்குச் சேட்டிபிக்கற் இல்லை. பொலிசுதான்."

மாப்பிள்ளையின் சிற்றப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பதரை ஆகியிருந்தது.

5

நான் தம்பிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். பிழை தேடுகிறபோது பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட வேண்டும்.

"பெற்றோல்?"

"வருது அக்கா. பாத்திட்டன்."

"பொறி?"

"இல்லை."

"பற்றறி?"

"நல்லாய்க் கிடக்கு."

"டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாத்தியே?"

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். அங்கே மாமி மஞ்சள் சேலை கட்டி, கையில் நிறைகுடத்தோடு நின்றுகொண்டிருந்தா.

"அக்கா," என்றான் மெல்ல. "நேற்று மாமி, காரின்ரை உயிர் எதுக்குள்ளை கிடக்குத் தம்பியெண்டு கேட்டவ. நான்தான் பெரிய ஆளாட்டம் மூடியைத் திறந்து இதுக்குள்ளைதான் எண்டு காட்டினனான். தேங்காய் எடுத்துக்கொண்டு வா எண்டா. நான் போய் வாறதுக்கிடையிலை மூடிக் கிடந்துது. உள்ளுக்கை பூசியிருப்பா."

"தெரிஞ்சுகொண்டே காலமை துவக்கம் ஹாண்டில் சுத்திறாய்?"

"அவவுக்கு முன்னாலை அதை எப்பிடி அக்கா துடைக்கிறது? கலியாண விசயமாய் வெளிக்கிடுற நேரம். சாமிக்கு வைச்ச சந்தனம்."

"அதுக்காக நீ கள்ளனாய்ப் போகப் போறியோ?"

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை நான் கழற்றினேன். அதற்குள் குண்டுமணியின் கறுப்பு உச்சியளவில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். அந்தத் தொட்டு விலகலில்தான் பொறி பிறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசித் தடிப்புக்கு ஏதாவது அகப்பட்டாலும் பொறி இல்லை. மாமி மிகக் கவனமாக, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நேர் நடுவில், சந்தனமும் விபூதியும் குழைத்து அழகான ஒரு பொட்டு வைத்திருந்தா. அது நன்றாகக் காய்ந்து போயிருந்தது. உயிரைக் கேட்டு, உயிருக்கே பொட்டு வைத்திருக்கிறா.

என் முந்தானைக்குள் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. அதனால் துடைத்தேன். பிறகு ஒரு தடித்த அட்டைத் துண்டைப் புள்ளிகளுக்கு நடுவில் விட்டு மெல்ல இழுத்து மிச்சத்தையும் எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூடியைப் பூட்டிவிட்டுத் தம்பியிடம் சுற்று என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் தம்பியைக் கள்ளன் என்று சொன்ன வார்த்தை காதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் பட்ட கைக்குட்டையை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தேன்.

"மாமா, இஞ்சை பாருங்கோ! என்ரை தம்பி ஒரு ஆணியும் விக்கேல்லை. மாமி பூசின சந்தனம்தான் உங்கடை காரை நிப்பாட்டினது!"

முதலில் மாப்பிள்ளையின் சிற்றப்பா சிரித்தார். பிறகு வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமி நிறைகுடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டா. தம்பி ஹாண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினான், கார் உறுமிக்கொண்டு எழும்பியது. பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

காரில் ஏறப் போன மாமா என்னிடம் திரும்பினார். அவர் முகம் இப்போதும் நினைவிருக்கிறது.

"சாமிச் சந்தனத்திலை பிழை பிடிக்கிற ஆக்களுக்கு என்ரை கையெழுத்து என்னத்துக்குப் பிள்ளை? மலாயாத் துரைமாரிட்டையே வாங்குங்கோ."

கார் படலையைத் தாண்டிப் போயிற்று. ஓட்டிக்கொண்டு போனவன் என் தம்பி. அவன் கள்ளனில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் பத்திரம் கைவிட்டுப் போயிற்று. அதைப் போக்கடித்தது அருளம்பலம் மாமா அல்ல, என்னுடைய வாய். தம்பி அன்று இரவு வந்து, "விடு அக்கா, கார் ஓடினது தானே" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

6

நேற்றைக்குத் திரும்பி வருகிறேன். இந்தப் பழைய கதை முழுவதும் தலைக்குள் ஏறி நிற்க, நான் பொனற்றைத் திறந்து நேரே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில்தான் கை வைத்தேன். உள்ளே சந்தனம் இல்லை. புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அட்டைத் துண்டை எடுத்து இழுத்தேன், வெள்ளையாகவே வந்தது. இன்னொரு முறை இழுத்தேன். பிளக்குகள் நான்கையும் கழற்றித் துடைத்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகூடப் பார்த்தேன். எங்கேயாவது மணக்காதா?

புவனம் ஸ்ரியறிங் வளையத்தில் ஒன்றும், பொனற்றின் வெளிப்புறத்தில் ஒன்றும், முன்விளக்குகளிலும் சக்கரச் சில்லுகளிலும் ஒவ்வொன்றும் வைத்திருந்தாள். வேறெங்கும் ஒரு துளி சந்தனம் இல்லை.

என் கணவர் வாசற்படியில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "பிள்ளையிட்டை ஒருக்காக் கேட்டுப் பாரன்" என்றார்.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள், இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. கொட்டிலுக்கு முன்னால் சால்வையைப் போடுவதும் எடுப்பதுமாக நடந்த ஒருவரின் குரல்.

7

பத்து வருடங்களுக்கு முந்திய அந்த விசயதசமி கழிந்து நாலாம் நாள் காலை தெய்வானைப்பிள்ளை மாமி எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தா. நான் முற்றத்தில் நின்றேன். எந்த முகத்தோடு அவவைப் பார்ப்பது? மாமி சேலை மடிக்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு கடதாசியை எடுத்து என் கையில் தந்தா.

"இங்கிலீசிலை எழுதிக் கிடக்கு. எனக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது, உது எப்பிடித் தெரியும்? நான் சொன்னபடி எழுதியிருக்கிறாரோவெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை."

வாசித்தேன். வைத்திலிங்கம் என்பவர் என்னிடம் நான்கு வருடம் சாரதியாக இருந்தார். கவனமாக ஓட்டுபவர், குடிப்பழக்கம் இல்லாதவர், நேர்மையானவர். அதோடு வழக்கமான பத்திரம் முடிந்துவிடும். இதிலோ கீழே இன்னொரு வரி இருந்தது. அதைத் தமிழில் மெல்லச் சொன்னேன்.

"விசயதசமி அன்று காரில் ஏற்பட்ட பிழை என் வீட்டாருடையது. அவருடையதல்ல."

"ஓம், அதுதான்" என்றா மாமி. "அந்தக் கடைசி வரிக்குத்தான் மனுஷன் மூண்டு நாள் நிண்டவர். எழுத மாட்டனெண்டார். நானும் மூண்டு நாள் அவரோடை கதைக்கேல்லை. சோறு குடுத்தனான், கதை குடுக்கேல்லை. நேற்றுப் பின்னேரம் எழுதிப்போட்டார்."

"துணியைத் தூக்கிக் காட்டினது என்ரை பிழை மாமி."

"பிழைதான்" என்றா, கொஞ்சமும் மறைக்காமல். "என்னை உள்ளுக்குக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமெல்லே. நானே வெளியிலை வந்து சொல்லியிருப்பன். ஆனால் உன்ரை தம்பி காலமை துவக்கம் வாய் திறக்கேல்லை. எனக்காகத்தானே? அதை நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

பிறகு மாமி என்னைக் கூட்டிக்கொண்டு தங்கள் கார்க் கொட்டிலுக்குப் போனா. "இப்ப காட்டு. எங்கையெங்கை பூசலாம்?" என்றா. ஸ்ரியறிங் வளையம், முன்விளக்குகள், பொனற்றின் வெளிப்புறம், சில்லுகள் என்று காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "சரி, நாலு இடம். இனி மறக்க மாட்டன்" என்றா. பக்கத்தில் நின்ற புவனமும் தன் சின்னக் கையால் அந்த நாலு இடத்தையும் தொட்டாள். நான் அதைக் கவனித்ததாக நினைவில்லை. நேற்று அதே நாலு இடத்திலும் பொட்டைக் கண்டபோதுதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பத்திரத்தை இங்கே கொண்டுவந்து கொடுத்தபோது, இலாகாவின் அதிகாரி கடைசி வரியை இரண்டு முறை வாசித்தாராம். "அது என்ன பிழை?" என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். அவன் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சந்தனத்தையும் இரண்டு புள்ளிகளையும் விளங்கப்படுத்தியிருக்கிறான். பேச்சு வராத என் தம்பி, வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றைக்குத்தான். அதிகாரி சிரித்துவிட்டு, இவனுக்குப் பிழை கண்டுபிடிக்கத் தெரியும் என்று முதல் நாளே வேலையில் சேர்த்துக்கொண்டார். இப்போது அவன் ஈப்போவில் பெரிய லொறிகளின் பிழை பார்க்கிறவன்.

8

நேற்று ஒன்பது மணியளவில் புவனம் தானாகவே வெளியே வந்தாள். கோயிலுக்குக் கட்டிய சேலையை மாற்றியிருக்கவில்லை. கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

"அம்மா, உங்கடை முதற் கேள்வி என்ன?"

சின்ன வயதிலிருந்து என்னுடைய மூன்று கேள்விகளையும் கேட்டுக் கேட்டு அலுத்த பிள்ளை.

"பெற்றோல்" என்றேன். "தாங்கியை நேற்று முன்தினம்தான் நிரப்பினனான்."

"தாங்கியிலை கிடக்கு. வந்து சேருதோ?"

அவள் காருக்குள் குனிந்து, ஸ்ரியறிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்தில் இருக்கிற பெற்றோல் குழாயின் திருகில் கை வைத்தாள். அது இறுக்கிப் பூட்டிக் கிடந்தது.

"பூசைக்குக் கற்பூரம் கொளுத்த முன்னம் நீங்கள்தான் இதைப் பூட்டினனீங்கள். நான் பக்கத்திலை நிண்டனான்."

உண்மைதான். காருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துகிறபோது பெற்றோல் திறந்திருக்கக்கூடாது என்று நான்தான் மிகக் கவனமாகப் பூட்டினேன். பூட்டிவிட்டு மறந்தும் போனேன். காபரேற்றருக்குள் எஞ்சிக் கிடந்த துளி பெற்றோலில்தான் கார் வாசல்வரை ஓடியிருக்கிறது. ஓடி, இருமி, நின்றது. அப்படி நின்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று மேலே உங்களுக்கு எழுதியவளும் நான்தான்.

"ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்றேன், குரல் இறங்கி.

"நீங்கள் கத்தினனீங்கள் அம்மா. கேக்கேல்லையே."

அவள் திருகைத் திறந்தாள். நான் சுவிச்சைப் போட்டேன். சிறிது நேரத்தில் கார் உயிர் பெற்றது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி, வேட்டியைத் தட்டிவிட்டுப் பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தார். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

ஆனால் நான் காரை எடுக்கவில்லை. நிறுத்திவிட்டு உள்ளே போய், ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் எடுத்தேன். இங்கிலீசில் எழுதினால் ஒரு நொடியில் வாசித்துவிடுவாள். தமிழிலேயே எழுதினேன். கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். புவனம் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நடு வாசலில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக, அயலிலுள்ள ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகள் மூன்றுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"புவனேஸ்வரி நேர்மையானவள். விசயதசமி அன்று காரில் ஏற்பட்ட பிழை என்னுடையது. அவளுடையதல்ல."

எனக்கு முகம் சுட்டது. நான் அவளைத் திட்டியதும் இதே வாசலில்தான். ஆகையால் அவள் வாசித்து முடிக்கும்வரை நின்றேன்.

தாளைத் திருப்பி முன்னும் பின்னும் பார்த்தாள். "திகதி போடேல்லை" என்றாள். கந்தோர்க்காரனின் மகள் அல்லவா? வாங்கித் திகதி போட்டு, கீழே முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். நாலாய் மடித்துத் தன் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வரும்போது கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

காருக்குள் குனிந்து, பெற்றோல் திருகின் தலையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"அஞ்சாவது இடம்" என்றாள். "இனி உங்கடை கண்ணுக்குத் தெரியும்."